காரைக் களிமண்ணும் என் நான்கு டயர்களும்

இன்று காலை புது வண்டியின் சாவியை உங்கள் கையில் கொடுத்தபோது நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மூன்று பேரும் ஓடிப்போய் முதலில் பார்த்தது அந்தப் பெரிய திரையை. அடுத்து பாட்டுச் சத்தம். ஒருவர் மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். தப்பே இல்லை. ஆயுசில் பாதியை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கழித்துவிட்டு ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் எனக்கே புது வண்டி வாசனை வந்தால் கை பரபரக்கிறது. ஆனால் ஒருவர்கூடக் குனிந்து டயரைப் பார்க்கவில்லை.

"புதுசா சேந்த பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று நம் ஓனரம்மா கேட்டார். இரண்டு வார்த்தையில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது, பிரேக்கை எப்போது கழற்றிப் பார்ப்பது என்பதெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத இரண்டு நாட்களை நான் சொல்கிறேன். ஒன்று நான் முட்டாளாக இருந்த நாள். மற்றது என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் சந்தோஷப்பட்ட நாள். அந்த நாளிலும் ஒரு முட்டாள்தனம் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

பெரம்பலூரில் எஸ்யூவி ஓட்டுகிறவனுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. காலையில் நாலுவழிச் சாலையில் நூறில் போவோம். பத்து மணிக்கு அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரிகள் குதறிப்போட்ட ரோட்டில் சுண்ணாம்புத் தூசியில் தவழ்வோம். மத்தியானம் ஆண்டிமடத்து முந்திரிக்காட்டுச் செம்மணல். சாயங்காலம் மழை பெய்தால் குன்னம் பக்கத்துக் கரிசலில் மாட்டிக்கொண்டு முழிப்போம். இத்தனைக்கும் சேர்த்து வண்டியில் இருப்பது ஒரே ஒரு செட் டயர்.

இதை நினைத்து நினைத்துத்தான் எனக்குச் சேற்று டயர் மேல் பைத்தியம் பிடித்தது. பார்த்திருப்பீர்கள், கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். வண்டிக்கு அதை மாட்டினால் சாதுவான ஆள் மீசை வைத்த மாதிரி ஆகிவிடும். ஓனரம்மாவிடம் போய் நின்றேன்.

"நம்ம வண்டி மாசத்துல எத்தனை நாளுண்ணே சேத்துல போவுது? நெடுக ரோட்டுலதான ஓடுது?" என்று கேட்டார்.

"அந்த நாலு நாளு மாட்டிக்கிட்டா யாருங்க வந்து இழுக்குறது?" என்றேன் நான்.

அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. டயர் வந்தது. தார் ரோட்டில் போனால் 'ஹூம்' என்று ஒரு உறுமல். தேய்கிற சத்தம் அது. நானோ வண்டிக்கு வீரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். டீக்கடையில் நிறுத்தினால் பையன்கள் வந்து போட்டோ எடுத்தார்கள்.

சில வாரம் கழித்து, திருச்சியிலிருந்து ஒரு நில அளவையாளரை ஏற்றிக்கொண்டு வந்தேன். வயதானவர், அதிகம் பேசாதவர். சிறுவாச்சூர் தாண்டும்போது தூறல் போட்டது. பெரிய மழைகூட இல்லை, ரோட்டை நனைத்து மினுமினுப்பாக்குகிற தூறல்தான். அப்போது பக்கத்துச் சாலையிலிருந்து எறையூர் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேனே தவிர வண்டி நிற்கவில்லை! எண்ணெய் கொட்டிய தரையில் கால் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. பெடல் என் காலை உதறுகிறது, ஸ்டீயரிங் கையில் லேசாகச் சுற்றுகிறது, டிரெய்லர் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

நின்றது. டிரெய்லருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கரும்பின் நுனி முன்கண்ணாடியைத் தொட்டு, 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

அளவையாளர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மிகவும் மரியாதையாக, "நான் இங்கயே எறங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

டிராக்டர்காரர் இறங்கி வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நேராகக் குனிந்து முன் டயரில் கையை வைத்தார். ரப்பர் கட்டைகளுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏங்க, இது எங்க வண்டி டயராட்டம்ல இருக்கு?"

"ஆமாங்க, சேத்துக்குன்னு போட்டது" என்றேன்.

"எனக்கு வயலு இருக்கு, போட்டிருக்கேன். உங்களுக்கு ரோடுதான இருக்கு?" என்றார். அப்புறம் டிரெய்லரிலிருந்து ஒரு கரும்பை உருவி, முழங்காலில் வைத்து ஒடித்து ஒரு துண்டை என்னிடமும் ஒரு துண்டை அளவையாளரிடமும் நீட்டினார். "கடிங்க. படபடப்பு அடங்கும்."

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் டயரைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். கட்டை கட்டையான ரப்பரில் தரையைத் தொடுகிற பரப்பு குறைவு. நனைந்த தாரில் தண்ணீரை வெட்டி வெளியே தள்ள மெல்லிய கீறல்கள் வேண்டும், அவையும் அதில் இல்லை. இதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவரோ கையை வைத்த உடனேயே சொல்லிவிட்டார்.

நடந்ததை நானே ஓனரம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, இப்ப சொல்லுங்க, எந்த டயரு வேணும்?" என்று மட்டும் கேட்டார். அந்த 'இப்ப' இன்னும் குத்துகிறது. வண்டி பெரும்பாலான நாள் எந்தத் தரையில் ஓடுகிறதோ அதற்கு ஏற்ற டயர் போடுவோம், மிச்ச நாட்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ரோட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் நிற்கிற, எல்லாத் தரைக்குமான டயர் வந்தது. உறுமல் போய்விட்டது. போட்டோ எடுக்க யாரும் வரவில்லை. மழையில் வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

மிச்ச நாட்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் விட்டேன் இல்லையா? அப்படி ஒரு நாள் வந்தே விட்டது.

கொளக்காநத்தம் தாண்டி காரை என்று ஒரு ஊர் இருக்கிறதே, அந்தப் பொட்டல்வெளிக்கு நீங்கள் இன்னும் வண்டி எடுத்துப் போயிருக்க மாட்டீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் மடிப்பு மடிப்பாகச் செம்மண்ணும் மஞ்சள் மண்ணும், நடுவில் மழை அறுத்துவிட்ட ஓடைகளும். ஒரு காலத்தில் அது முழுக்கக் கடல். கல்லாகிப்போன கடல் நத்தைகளைத் தேடி நிலவியல் படிக்கிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அந்த முறை நான் அழைத்துப் போனது ஒரு கல்லூரிப் பேராசிரியை, இரண்டு மாணவர்கள், கயல்விழி என்கிற ஆராய்ச்சி மாணவி. முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கயல்விழி மூன்று வருடமாக அந்த மண்ணையே சுற்றி வருகிற பெண். பொடிப் பொடியாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது, பாவம்.

வறண்டு கிடந்த ஓடை ஒன்றில் இறங்கி ஏறி, இரண்டு ஓடைகளுக்கு நடுவில் இருந்த ஒரு மண் திட்டில் வண்டியை நிறுத்தினேன். அவர்கள் சுத்தியலும் உளியுமாகக் கலைந்து போனார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கீழேயிருந்து ஒரு கத்தல்.

"அண்ணே! டிரைவர் அண்ணே! ஓடியாங்க! உங்க ஸ்டெப்னி கல்லாயிட்டுது!"

ஓடினேன். ஓடைக் கரையில் கயல்விழி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மண்ணுக்கு வெளியே, சுருள் சுருளாக, வரி வரியாக, நம் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு நத்தை! அம்மோனைட் என்றார் பேராசிரியை. எனக்கு அந்தப் பெயரெல்லாம் காதில் ஏறவில்லை. அந்த வரிகளைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. டயரில் வரிப்பள்ளமாக வெட்டியிருக்கிற காடி மாதிரியே ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ அச்சில் வார்த்த மாதிரி. மாணவர்கள் குதிக்கிறார்கள். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நானும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மண் அள்ள உட்கார்ந்தேன்.

சுற்றித் தோண்டி, பிரஷ்ஷால் துடைத்து, கோணித்துணியை மாவுக்கட்டுக் கரைசலில் நனைத்துச் சுற்றி, நான்கு பேர் முக்கி முனகித் தூக்கி வண்டியின் பின்புறம் ஏற்றி முடித்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. பச்சைமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. முதல் துளிகள் புளியங்கொட்டை அளவுக்கு விழுந்தன.

"எல்லாரும் ஏறுங்க. வந்த வழியே ஒரே அமுக்கு, மேல போயிடலாம்" என்றேன்.

இருபதடி போயிருப்பேன். ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினேன், வண்டி நேராகப் போனது! திரும்பவும் ஒடித்தேன், கேட்கவில்லை. நிறுத்தினேன். இறங்கிக் குனிந்து பார்த்தால் டயரையே காணோம். அதன் அத்தனை காடிகளும் களிமண் அப்பி நிரம்பிவிட்டன. நான்கு சக்கரத்திலும் வழுவழுவென்று மஞ்சள் உருண்டை. காய்ந்தால் சிமென்ட், நனைந்தால் சோப்பு, அதுதான் காரை மண். மொட்டை டயர் மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்குவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

பேராசிரியை ஜன்னலை இறக்கினார். "மழை விடுற வரைக்கும் திட்டுலயே இருந்துடலாமே?"

நல்ல யோசனைதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இரண்டு பக்கமும் ஓடை, மேலே மலையில் என்ன பெய்கிறதென்று தெரியாது, போனில் சிக்னல் இல்லை. திட்டின் ஓரத்தை எட்டிப் பார்த்தேன். மண் சின்னச் சின்னக் கட்டியாக உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

அடுத்து கை தானாக டயரின் வால்வு மூடிக்குப் போனது. ஆண்டிமடம் முந்திரிக்காட்டு மணலில் சிக்கினால் நான் செய்கிற வேலை அதுதான். காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் படர்ந்து மணல் மேல் மிதந்து வந்துவிடும். மூடியைக் கழற்றியும் விட்டேன். அப்போது கயல்விழி இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணே, வந்த வழி வேணாம். அந்தா தெரியுது பாருங்க ஒரு மேடு, அதுல கெட்டியான கல்லுப் பட்டை ஒண்ணு ஓடுது. சிப்பி ஒட்டுன சுண்ணாம்புக்கல்லு. நேரா மேல வண்டிப்பாதையில போயி முட்டும். நான் அதுல நடந்தே அளந்திருக்கேன்."

"அகலம் எவ்வளவும்மா இருக்கும்?"

"வண்டி அகலம் இருக்கும். ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் குறுகும்."

"கல்லு கூரா இருக்குமா?"

"கத்தி மாதிரி இருக்கும்ண்ணே."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். காற்றைக் குறைத்தால் களிமண்ணில் ஒருவேளை கொஞ்சம் பிடிப்புக் கிடைக்கலாம். ஆனால் அந்தத் தொளதொள டயரோடு கூரான கல்லில் ஏறினால் பக்கச்சுவர் கிழிந்துவிடும். கிழிந்தால் பஞ்சர் போட முடியாது, டயர் முடிந்தது. ஓடைக்கு ஒரு டயர், மேட்டுக்கு ஒரு டயர் என்று இரண்டையும் ஒன்றாகத் தயார் செய்ய முடியாது. முதலில் வழியை முடிவு செய்யவேண்டும், அப்புறம்தான் டயரில் கை வைக்கவேண்டும். நான் தலைகீழாகச் செய்ய இருந்தேன். வால்வு மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கினேன். "மேடு" என்றேன்.

மேட்டின் அடிவாரம் வரை நாற்பதடி களிமண் இருந்தது. கல் உடைக்க வைத்திருந்த உளிகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஐந்து பேரும் டயர் காடிகளைச் சுரண்டினோம். மிச்சமிருந்த கோணி, தார்ப்பாய், ஒரு மாணவனின் மழைக்கோட்டு எல்லாவற்றையும் சக்கரத்துக்கு முன்னால் விரித்தோம். பத்தடி போவது, நிறுத்துவது, சுரண்டுவது, விரிப்பது, திரும்பவும் பத்தடி. பேராசிரியையின் முகம் முழுக்கச் சேறு. அவர் சிரிக்கிறார்! எனக்கும் சிரிப்பு வந்தது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கல் பட்டையில் முன்சக்கரம் ஏறியதும் ஸ்டீயரிங்குக்கு உயிர் வந்தது. மற்ற மூவரையும் முன்னால் நடந்து மேலே போகச் சொன்னேன். கயல்விழி மட்டும் வண்டிக்கு முன்னால். சேறு ஓடி மூடியதில் எங்கே கல், எங்கே மண் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தாள். கெட்டியாக இருந்தால் 'டங்'. மண்ணாக இருந்தால் 'சொத்'. ஜன்னல் இரண்டையும் இறக்கிவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஓட்டினேன்.

டங். டங். "வாங்கண்ணே, வாங்க." டங். சொத். "நில்லுங்க! வலதுல ஒடிங்க." டங்.

அந்த மாதிரி ஒரு ஓட்டு அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. குறுகும் என்று அவள் சொன்ன இடம் வந்தது. முன்சக்கரங்கள் தாண்டின. பின்னால் வலது சக்கரம் சரிந்தது. வண்டியின் பின்புறம் மெதுவாக, மிக மெதுவாக, ஓடைப் பக்கம் நழுவியது. பிரேக்கை அழுத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் கனமாக உட்கார்ந்திருந்தது அந்த நத்தை.

எப்படிச் சொல்வது? கயல்விழி ஜன்னல் பக்கம் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் முகமே மாறிவிட்டது.

"கல்லத்தான எறக்கணும்?"

"ஆமாம்மா."

ஒரு மூச்சு எடுத்தாள். "எறக்கிடுங்கண்ணே."

முன்னால் போனவர்கள் திரும்ப ஓடி வந்தார்கள். ஆள் கனம் உள்ளே இருக்கட்டும் என்று நான் பிரேக்கை விடாமல் உட்கார்ந்திருக்க, நால்வரும் மேட்டுப் பக்கமாக நின்று அதை இழுத்து இறக்கி, கல் பட்டையின் மேலேயே படுக்க வைத்தார்கள். பேராசிரியை மூச்சு வாங்கிக்கொண்டே, "எத்தனையோ கோடி வருசம் மண்ணுல கெடந்ததுதான், இன்னும் ரெண்டு நாள் மழையில கெடக்கும்" என்றார். கயல்விழி தன் துப்பட்டாவை எடுத்து அதன் மேல் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.

பின்பாரம் குறைந்ததும் சக்கரம் ஒரு தடவை சுற்றியது, இரண்டு தடவை சுற்றியது, எதையோ கவ்விப் பிடித்தது. ஏறியது! மேலே வண்டிப்பாதையில் போய் நிறுத்தி இறங்கினேன். எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் கீழே ஒரு இரைச்சல் கேட்டது. நாங்கள் காலையில் இறங்கி ஏறிய ஓடை, கரை தொட்டுப் பழுப்புத் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது.

பாராட்டு எனக்கு நிறையக் கிடைத்தது. அதனால் இதையும் எழுதவேண்டும். வானம் கறுப்பதை நான் மத்தியானமே பார்த்தேன். எல்லோரும் அவ்வளவு குஷியாக இருக்கும்போது போய் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு மண் அள்ளினேன். அப்போதே வண்டியை மேலே வண்டிப்பாதைக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் இந்தச் சாகசமே தேவைப்பட்டிருக்காது. வண்டியில் எத்தனை படித்தவர்கள் இருந்தாலும் வானத்தைப் பார்க்கிற வேலை டிரைவருடையது. சந்தோஷமான நேரத்தில் கெட்ட சேதி சொல்வதுதான் நம் தொழிலிலேயே கஷ்டமான வேலை. பிரேக் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. மூன்றாம் நாள் காலை அதே வண்டியில், அதே ஐந்து பேரும் போனோம். கயல்விழி வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மேட்டில் இறங்கி நடந்தோம். நத்தை வைத்த இடத்திலேயே இருந்தது. மாவுக்கட்டு கொஞ்சம் கரைந்திருந்தது, துப்பட்டா சேறாகியிருந்தது, மற்றபடி ஒரு கீறல் இல்லை. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் திட்டைப் பார்க்கப் போனேன். நான் வண்டி நிறுத்தியிருந்த இடம், 'இருந்துடலாமே' என்று பேராசிரியை சொன்ன இடம், பாதி இல்லை. ஓடை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவரும் என் பின்னால் வந்து பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கயல்விழி எங்களைத் தாண்டி ஓடினாள். அறுபட்ட கரை புதிதாக, ஈரமாக, கேக்கை வெட்டிய மாதிரி நின்றது. அதன் நடுவில், வெயில் பட்டு, வரிசையாக மூன்று சுருள்கள். நடுவில் இருந்தது எங்கள் நத்தையைவிட ஒன்றரை மடங்கு பெரிது. நான் நிறுத்திய வண்டிக்கு நேர் கீழே, அந்த மத்தியானம் முழுக்க, அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன!

"அண்ணே!" என்று அவள் போட்ட கூச்சல் கொளக்காநத்தம் வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஓடவில்லை. முதலில் பச்சைமலைப் பக்கம் திரும்பி வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. "சுத்தமா இருக்கு, மூணு மணி வரைக்கும் தோண்டலாம்!" என்று கத்திவிட்டு, அப்புறம்தான் ஓடினேன்.